தியானத்தில் தோன்றிய வரியை என்ன செய்வது?

கேள்வி (ஹற்றனிலிருந்து):
கண்டிப் பக்கமுள்ள ஒரு தியான நிலையத்தில் 10 நாட்கள் மௌனத்தில் இருந்தேன்; பேனாவும் தாளும் கூடாது. மூன்றாம் நாள் விடியலில், தேயிலைச் செடிகளின் மீதிருந்து பனிமூட்டம் விலகியபோது ஒரு கவிதை வரி தோன்றியது. மறந்துவிடுவேனோ என்று அஞ்சி, மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு எஞ்சிய நாட்களெல்லாம் அதையே முணுமுணுத்தேன். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தால் சப்பென்றிருந்தது. படைப்புச் சிந்தனை தியானத்துக்குப் பகையா?

பதில் (பேராதனையிலிருந்து):
பகையென்று புத்தர் சொல்லவில்லை. புத்தரின் பேருரைத் தொகுப்புகளில் ஒன்றான மச்சிம நிகாயத்தின் 19ஆவது சூத்திரத்தில், நல்ல எண்ணங்களில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை, ஆயினும் நெடுநேரம் சிந்தித்தால் உடல் களைக்கும், உடல் களைத்தால் மனம் கலங்கும் என்கிறார். பயிர் விளைந்து நிற்கையில் மாடுகளைக் கோலால் அடித்துத் தடுக்கும் இடையன், அறுவடை முடிந்தபின் மரநிழலில் அமர்ந்து, மாடுகள் அங்கே நிற்கின்றன என்று நினைவில் வைத்திருந்தாலே போதும் என்ற உவமையும் அங்கேதான் வருகிறது. நீங்களோ ஒற்றை மாட்டை ஏழு நாட்கள் துரத்தியிருக்கிறீர்கள்! தியானமும் எழுத்தும் ஒத்துப்போகும் என்பதற்கு, கண்டியின் உடவத்தைக்கலைக் காட்டுக் குடிலில் வாழ்ந்த பௌத்தத் துறவி ஞானபோனிக தேரரே (1901–1994) சான்று; அவர் நிறையவே எழுதியவர்.

பதில் (பண்டாரவளையிலிருந்து):
என் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டே பாட்டுக் கட்டுவார். விரல்கள் இரண்டு இலையையும் மொட்டையும் தேடிக்கொண்டிருக்கும். பாட்டை நினைத்தால் பாட்டு வராது என்பார்.

கேள்வி கேட்டவர்:
அந்த வரியை நேற்று கோடிட்டு அடித்துவிட்டேன், பனிமூட்டம் மட்டும் இன்னும் நினைவிலிருக்கிறது.