பேங்க் பி.ஓ. இன்டர்வியூ: உள்ளே என்ன கேட்டார்கள், எப்படித் தயாரானீர்கள்?

சிவகாசிக்காரன்:

ஐ.பி.பி.எஸ். நடத்தும் பேங்க் அதிகாரி (பி.ஓ.) தேர்வில் மெயின்ஸ் (இரண்டாம் கட்ட எழுத்துத் தேர்வு) ரிசல்ட் வந்தாலே தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், இன்டர்வியூவுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் அண்ணா என்று. புத்தகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கேள்வித்தாள் என்று ஒன்று கிடையாது. நாம் சொல்லும் பதிலில் இருந்துதான் அடுத்த கேள்வியை உருவுகிறார்கள். இதைப் புரிந்துகொண்டு தயாரானால் பாதி பயம் போய்விடும் என்று உறுதியாக நம்புகிறேன், அதனால் என் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். உட்கார்ந்ததும் முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான்: "இன்ஜினியரிங் படித்துவிட்டு எதற்கு பேங்க்?" பாதுகாப்பான வேலை, மக்கள் சேவை என்று கோச்சிங் சென்டரில் சொல்லிக் கொடுத்த பதிலைச் சொன்ன நண்பன் ஒருவனை, "சேவைதான் வேண்டும் என்றால் ஏன் ஆசிரியர் வேலைக்குப் போகவில்லை" என்று மடக்கியிருக்கிறார்கள். அந்தப் பதில் அவனுடையது இல்லை, அதனால் அடுத்த படிக்கு அவனிடம் எதுவும் இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். கல்லூரி விடுமுறையில் எங்கள் ஊர் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதப் போவேன், மெஷின் வாங்க லோன் தாமதமானதால் காலண்டர் ஆர்டர் கைவிட்டுப் போனதை அங்கே பார்த்தேன், மெஷினும் தெரிந்து வரவு செலவும் தெரிந்த ஒருவர் அந்த லோன் சீட்டில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது என்றேன்.

உடனே, "சரி, செகண்ட் ஹேண்ட் ஆஃப்செட் மெஷினுக்கு ஒருவர் லோன் கேட்டு வருகிறார், என்ன பார்ப்பீர்கள்?" என்றார் நடுவில் இருந்தவர். இன்னும் எத்தனை வருடம் ஓடும், உதிரி பாகம் கிடைக்குமா, மதிப்பீட்டாளர் சான்று என்ன சொல்கிறது, நாளை விற்க நேர்ந்தால் வாங்க ஆள் உண்டா, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மெஷின் கொண்டுவரும் வருமானத்தில் தவணை கட்ட முடியுமா. இவ்வளவும் சொன்னேன். எதுவும் மனப்பாடம் இல்லை, மெஷின் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியக்கூடியதுதான்.

அப்புறம் பட்டாசுக்கு வந்தார்கள். எங்கள் ஊர்த் தொழிலில் வருடம் முழுக்க உற்பத்தி, சரக்கு கடனுக்குப் போகும், பணம் வசூலாவது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித்தான். அப்படியானால் எந்த மாதிரி லோன் பொருந்தும் என்று கேட்டார்கள். கேஷ் கிரெடிட், அதாவது சரக்கைக் காட்டி ஒரு வரம்பு வரை வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் என்றேன். டிராயிங் பவர், அதாவது இப்போதைய சரக்குக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை எப்படிக் கணக்கிடுவாய் என்று தாளை நீட்டினார் ஒருவர். சரக்கு 40 லட்சம், அதில் கடனுக்கு வாங்கியது 10 லட்சம் என்று வைத்தால் மீதி 30 லட்சம், வாடிக்கையாளர் தன் பங்காகப் போட வேண்டிய 25% மார்ஜின் கழித்தால் 22.5 லட்சம் வரை எடுக்கலாம் என்று எழுதிக் காட்டினேன். விடவில்லை. "2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்குத் தடை போட்டது, உங்கள் வாடிக்கையாளர் குடோனில் அந்தச் சரக்கு கிடக்கிறது, இப்போது உங்கள் 22.5 லட்சத்துக்கு என்ன மதிப்பு?" விற்க முடியாத சரக்கை ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் இருந்து கழிக்க வேண்டும், லிமிட்டைக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரே நாளில் கழுத்தை நெரித்தால் தொழிலும் போகும் பேங்க் பணமும் போகும், அதனால் கால அவகாசம் கொடுத்து மாற்றி அமைக்கப் பார்ப்பேன் என்றேன். ரெப்போ ரேட் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்கவே இல்லை!

இதற்கு நான் செய்த தயாரிப்பு ரொம்ப எளிது. சுய அறிமுகத்தை ஒரு தாளில் எழுதினேன். ஊர், அப்பாவின் தொழில், படிப்பு, கல்லூரி புராஜெக்ட், பொழுதுபோக்கு என்று அதில் வரும் ஒவ்வொரு பெயர்ச் சொல்லையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் கீழும் மூன்று கேள்வி ஆழம் வரை போனேன். மூன்றாவது கேள்வியில் பதில் இல்லாத எதையும் அறிமுகத்தில் இருந்தே எடுத்துவிட்டேன். பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது என்று எழுதினால் கடைசியாக வாசித்தது என்ன என்று நிச்சயம் கேட்பார்கள், வாசிக்காதவர்கள் அதை எழுதவே வேண்டாம். மற்றவர்களும் எழுதுங்கள்.

டெல்டா பொண்ணு:

அண்ணா சொன்னது எனக்கும் அப்படியே நடந்தது. நான் பி.எஸ்சி. அக்ரி, தஞ்சாவூர் பக்கம். மேட்டூர் அணையை வழக்கமாக என்றைக்குத் திறப்பார்கள், தாமதமானால் குறுவை என்னாகும் என்று ஆரம்பித்தார்கள். ஜூன் 12, தண்ணீர் தள்ளிப்போனால் குறுவைப் பரப்பு குறையும், நிறையப் பேர் நேராகச் சம்பாவுக்குப் போவார்கள் என்றேன். "அப்போது பேங்க் லோன் எப்போது போய்ச் சேர வேண்டும்?" என்று அங்கிருந்து விவசாயிகளுக்குப் பயிர்க்கடன் தரும் கிசான் கிரெடிட் கார்டுக்கு வந்துவிட்டார்கள்.

3 லட்சம் வரை 7% வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3% சலுகை, ஆக 4% என்று படித்ததைச் சொன்னேன். எதிரில் இருந்த மேடம், "இவ்வளவு குறைந்த வட்டிக்குப் பயிர்க்கடன் இருக்கும்போது உங்கள் ஊரில் ஏன் எல்லோரும் நகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?" என்று கேட்டார். இதற்கு எந்த கைடிலும் பதில் கிடையாது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது மேடம், குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களுக்குக் காட்டக் காகிதமே இல்லை, சிட்டா அடங்கல் வாங்க அலைய வேண்டும், நகையைக் கொடுத்தால் அன்றைக்கே பணம் கிடைக்கும், காகிதம் கைக்கு வரும் வரை நாற்று காத்திருக்காது என்றேன். அதற்குப் பிறகு அது இன்டர்வியூ மாதிரியே இல்லை, குத்தகை விவசாயிக்கு வேறு வழி என்ன செய்யலாம் என்று அவர்கள் கேட்க நான் சொல்ல, நிஜமாகவே பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்த்து லோன் கொடுக்கலாம் என்று சொன்னதை ஒருவர் குறித்துக்கொண்டார்.

வீட்டில் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. விதை, உரம், ஆள் கூலி எவ்வளவு, எங்கே கடன் வாங்கினோம், எப்போது திருப்பினோம் என்று ஒரு சாயங்காலம் கேட்டு எழுதிக்கொண்டதுதான் எனக்கு உள்ளே கைகொடுத்தது.

கோவை பி.காம்.:

எனக்கு இப்படி நடக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன், இல்லாவிட்டால் எல்லோரும் ஊர்க் கதையை மட்டும் தயார் செய்துகொண்டு போவார்கள். என் பேனலில் அறிமுகத்தைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. காசோலை எத்தனை மாதம் செல்லும்? 3 மாதம். டெபாசிட் காப்பீடு எவ்வளவு? 5 லட்சம். ஆர்.டி.ஜி.எஸ். (பெரிய தொகையை உடனே அனுப்பும் முறை) குறைந்தபட்சம்? 2 லட்சம். முதல் முறை எத்தனை வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள், எப்போது? 14, ஜூலை 1969. இப்படியே போனது. பி.காம். என்பதால் அடிப்படை தெரிந்தே ஆக வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

ஆனால் அதிலும் ஒரு இடத்தில் பதிலில் இருந்து கேள்வி முளைத்தது. தவணை கட்டாமல் எத்தனை நாள் போனால் அது வாராக்கடன் என்றார்கள், 90 நாள் என்றேன். "எல்லாக் கடனுக்குமா?" இல்லை, பயிர்க்கடனுக்குப் பருவக் கணக்கு, குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம் என்றேன். "ஏன் அந்த வித்தியாசம்?" அறுவடை முடிந்தால்தான் கையில் பணம் வரும், மாதத் தவணைக் கணக்கு அங்கே பொருந்தாது. இந்த 'ஏன்' தெரியாமல் 90 என்ற எண்ணை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். நடுவில் தெரியாத கேள்விகளும் வந்தன. "தெரியாது சார்" என்று நேராகச் சொன்னேன், முகம் சுளிக்காமல் அடுத்ததற்குப் போனார்கள். வேலை கிடைத்தது.

ஓய்வுபெற்ற மேலாளர்:

பிள்ளைகளா, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கும் இன்டர்வியூவுக்கும் 80:20 என்ற விகிதம். 20 தானே என்று நினைக்காதீர்கள், 100-க்கு 40 எடுக்காவிட்டால் (எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35) மெயின்ஸில் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களுக்கு இந்த மார்க்தான் எந்த வங்கி என்பதை முடிவு செய்கிறது.

நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது, ஒரு பெரியவர் கவுன்டரில் நின்று சத்தம் போடுகிறார். நீங்கள்தான் அதிகாரி. என்ன செய்வீர்கள்?" நன்றாகப் படித்த பிள்ளைகள் உடனே விதியைச் சொல்வார்கள்: 5 நாளுக்குள் திரும்ப வர வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. சரிதான், ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதி. ஆனால் அந்தப் பெரியவருக்கு அது பென்ஷன் பணமாக இருக்கலாம். உட்காருங்கள் ஐயா என்று சொல்லி, எந்த ஏ.டி.எம்., எத்தனை மணிக்கு என்று கேட்டு, புகாரைப் பதிந்து எண்ணை எழுதிக் கையில் கொடுத்து, எந்தத் தேதிக்குள் வரும் என்று சொல்லி அனுப்புவேன் என்ற பிள்ளைக்கு நான் தயங்காமல் மார்க் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை நாளைக்கு என் கிளையில் உட்கார்ந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் இல்லையா.

ஆங்கிலம் பற்றித் தமிழ் வழியில் படித்தவர்கள் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும். அன்றைய செய்தி ஒன்றை எடுத்து, பார்க்காமல் ஐந்து வாக்கியத்தில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். வாய்க்குப் பழக்கம் வர வேண்டும், மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் வராது.

சிவகாசிக்காரன்:

நன்றி சார். கோவை நண்பர் சொன்னதும் சரியே, அடிப்படை எண்கள் தெரியாமல் போகக் கூடாது, அவற்றுக்கும் 'ஏன்' என்று ஒரு படி கீழே போய்ப் படியுங்கள் என்று என் பதிவோடு சேர்த்துக்கொள்கிறேன்.

மதுரை அக்கா:

எல்லோரும் கேள்வி பதிலைப் பற்றியே பேசுகிறீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பு அறைக்கு வெளியே அழுதுகொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தவள் நான். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (சலுகை இல்லாத வசதியான பிரிவில்) வரவில்லை என்ற வரியோடு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், அதில் இருக்கும் தேதியும் அறிவிப்பில் கேட்டபடி இருக்க வேண்டும். அப்புறம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக வந்திருக்கும், விண்ணப்பத்தில் இன்னொரு மாதிரி அடித்திருப்பீர்கள். மூன்றையும் இன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கைமாறி வர நாளாகும், கால் லெட்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.