அவசரம்: கியர் போட்டால் வண்டி ஆஃப் ஆகிறது, யாராவது சொல்லுங்கள்

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். என் பைக் ஸ்டார்ட் ஆகிறது, நியூட்ரலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடுகிறது, ஃபர்ஸ்ட் கியர் போட்ட உடனே ஆஃப். திரும்ப நியூட்ரலுக்கு வந்து செல்ஃப் அடித்தால் சமத்தாக ஸ்டார்ட் ஆகும், கியர் போட்டால் மறுபடி அதே கதை. நாளைக் காலை எட்டு மணிக்குப் பெருங்குடியில் ஷிஃப்ட், இன்றைக்கு ஞாயிறு என்பதால் தெருமுனை மெக்கானிக் கடை மூடியிருக்கிறது. பிளக் மாற்றினால் சரியாகுமா? சீக்கிரம் ப்ளீஸ்.

ஸ்பேனர் செட்:
என்ன வண்டி, எந்த வருஷம், கார்புரேட்டரா எஃப்.ஐ.யா (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்)? கிளட்ச் பிடித்துத்தானே கியர் போடுகிறீர்கள்? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

செல்ஃப் மட்டும்:
பேட்டரி பாருங்கள் ப்ரோ. என் வண்டியும் போன மழையில் இப்படித்தான் படுத்தியது, புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டது.

ஸ்பேனர் செட்:
செல்ஃப் அடிக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறாரே. பேட்டரி செத்திருந்தால் முதலில் படுப்பது அதுதான்.

பழைய புல்லட்:
எஞ்சின் பற்றி ஒன்றுமே தெரியாமல் செல்ஃப் பட்டனை அமுக்கி வளர்ந்த தலைமுறை, வேறென்ன சொல்ல. தம்பி, இது கிளட்ச் வேலை. நீ லீவரைப் பிடித்தாலும் உள்ளே பிளேட்டுகள் பிரியவில்லை, அதனால் கியர் விழுந்த நொடியில் சக்கரமும் எஞ்சினும் ஒன்றாகி எஞ்சின் அடங்கிவிடுகிறது. கிளட்ச் வயர் தளர்ந்திருக்கும், இறுக்கு. வலது காலால் கியர் போட்ட காலத்திலேயே நாங்கள் இதையெல்லாம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சரி செய்துவிட்டுக் கிளம்பியவர்கள். பிளாட்டினம் பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்து ஓட்டியவனிடம் வந்து பேட்டரி என்கிறார்கள்.

மடிப்பாக்கத்தான்:
150 சிசி, 2021 மாடல், எஃப்.ஐ. கம்பெனி பெயர் வேண்டாம், போன தடவை சொன்னபோது யார் கம்பெனி உசத்தி என்று சண்டை கிளம்பி என் கேள்வி காணாமலே போய்விட்டது. கிளட்ச் பிடித்துத்தான் கியர் போடுகிறேன், நேற்று லைசென்ஸ் வாங்கியவன் இல்லை. பிளக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

ஸ்பேனர் செட்:
பிளக் இல்லை. பிளக் கெட்டிருந்தால் நியூட்ரலிலும் விக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் தடுமாறும். அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும்.

புல்லட் ஐயா சொல்வதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள், கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள். உருண்டால் கிளட்ச் பிரிகிறது. நகராமல் அடம் பிடித்தால், பிரேக் போட்ட மாதிரி இழுத்தால், பிளேட் ஒட்டியிருக்கிறது அல்லது வயர் தளர்ந்திருக்கிறது. லீவர் நுனியில் சும்மா ஆடும் இடைவெளியையும் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் எவ்வளவு இழுத்தாலும் கிளட்ச் பாதிதான் பிரியும்.

எத்தனால் எதிரி:
யாருமே நிஜமான காரணத்தைப் பேச மாட்டீர்களா? 2021 வண்டிக்கு ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றினால் இப்படித்தான் ஆகும். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சும், சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கிவிடும். நியூட்ரலில் லோடு இல்லை, அதனால் ஓடுகிறது, கியரில் லோடு வந்ததும் நின்றுவிடுகிறது. டேங்க்கைக் காலி செய்துவிட்டு வேறு பெட்ரோல் அடித்துப் பாருங்கள்.

ஓ.எம்.ஆர். ஓட்டி:
கிளட்ச் பிடித்திருக்கும்போது எங்கே சார் லோடு? லீவரை விட ஆரம்பித்தால்தான் லோடே வரும். இவருக்கு கியர் விழுந்த உடனேயே நின்றுவிடுகிறது. நீங்கள் நியூட்ரலில் இருக்கிறீர்களா ஃபர்ஸ்டில் இருக்கிறீர்களா என்று பெட்ரோலுக்கு எப்படித் தெரியும்?

மல்டிமீட்டர்:
கேள்வி கேட்டவருக்கு: எப்படி நிற்கிறது என்று கவனித்தீர்களா? எல்லாம் அதில்தான் இருக்கிறது. கியர் போட்டதும் வண்டி முன்னால் ஒரு உதறு உதறி நின்றால் அது கிளட்ச். உதறலே இல்லாமல், யாரோ சாவியைத் திருப்பியது போல சட்டென்று நின்றால் அது கரண்ட் விஷயம், கிளட்ச் வயரை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். மழையில், தேங்கிய தண்ணீரில் ஓட்டினீர்களா? சைடு ஸ்டாண்டை எடுத்தால் மீட்டரில் அதற்கான விளக்கு அணைகிறதா?

பழைய புல்லட்:
உதறல், சாவி என்று கதை எதற்கு. நான் சொல்லியாயிற்று, கிளட்ச். வயரை இறுக்கியும் போகவில்லை என்றால் பிளேட் மாற்ற வேண்டும், செலவு வைக்கும். யாராவது இவருக்குக் கார் ஆயிலை ஊற்றிக் கொடுத்திருப்பான், அதில்தான் பிளேட் போயிருக்கும்.

ஸ்பேனர் செட்:
ஐயா, கார் ஆயில் ஊற்றினால் நடப்பது இதற்கு நேர் எதிர். பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருப்பதால் பிளேட் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. எஞ்சின் நின்று போகாது. அதனால்தான் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற பைக் ஆயில் தரக் குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது.

எத்தனால் எதிரி:
ஆயில் பேசுவீர்கள், பெட்ரோலைப் பேச மாட்டீர்கள். மைலேஜ் அடிவாங்கியது உண்மையா இல்லையா?

ஓ.எம்.ஆர். ஓட்டி:
அது உண்மை, யார் இல்லை என்றது? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 சதவீதம் சக்தி குறையும், 50 கொடுத்த வண்டி 46, 47 கொடுக்கும். ஆனால் மைலேஜ் குறைவதும் கியர் போட்டால் நிற்பதும் வேறு வேறு. பல் வலிக்குக் கண் டாக்டரிடம் போகச் சொல்கிறீர்கள்.

எத்தனால் எதிரி:
7 சதவீதம் எல்லாம் காகிதத்தில். என் வண்டியில் அதைவிடக் குறைந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் வேறு பெட்ரோல் கேட்டால் சிரிக்கிறான்.

செல்ஃப் மட்டும்:
விலை அதிகமான அந்த ஹை ஆக்டேன் பெட்ரோல் போடலாமே?

ஓ.எம்.ஆர். ஓட்டி:
ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. ஆக்டேன் கூடினால் மைலேஜ் கூடும் என்று யார் சொன்னார்கள்? இந்த எஞ்சினின் கம்ப்ரஷனுக்கு அது தேவையே இல்லை, காசுதான் போகும்.

எத்தனால் எதிரி:
பார்த்தீர்களா, பேச்சை மாற்றுகிறார்.

ஸ்பேனர் செட்:
கேள்வி கேட்டவர் எங்கே? தள்ளிப் பார்த்தீர்களா?

மடிப்பாக்கத்தான்:
தள்ளினேன், சுலபமாக உருள்கிறது. லீவரில் இடைவெளியும் கொஞ்சம்தான். உதறல் எதுவும் இல்லை, சட்டென்று அமைதியாகிவிடுகிறது, மீட்டர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. மழையில் ஓட்டினேன், அதற்கென்ன? வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது கைவேலி பக்கம் ஃபுட்ரெஸ்ட் முங்கும் அளவு தண்ணீர், எல்லோரும்தான் போனார்கள். சனிக்கிழமை நன்றாக ஓடியது. சைடு ஸ்டாண்டு விளக்கு விட்டு விட்டு எரியும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, நான் அதைப் பார்ப்பதே இல்லை.

மல்டிமீட்டர்:
அதற்கென்னவா! விஷயமே அதுதான்.

உங்கள் வண்டியில் சைடு ஸ்டாண்டு போடும் இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை நிறுத்துவதுதான் அதன் வேலை. நியூட்ரலில் இருக்கும்போது ஸ்டாண்டு கீழே இருந்தாலும் வண்டி கண்டுகொள்ளாது, அதனால்தான் நியூட்ரலில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கியர் விழுந்ததும் நியூட்ரல் விளக்கு அணைகிறது, உடனே ஸ்டாண்டு மேலே இருக்கிறதா என்று பார்க்கிறது, ஸ்விட்ச் "கீழே" என்று பொய் சொல்கிறது, எஞ்சின் கட். நீங்கள் ஸ்டாண்டை எடுத்தது உங்களுக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியவில்லை.

தண்ணீரில் போனதும் அடுத்த நாள் ஓடியதும் இதற்குப் பொருந்துகிறது. உள்ளே போன ஈரம் அன்றைக்கே வேலையைக் காட்டும் என்று இல்லை, இணைப்பில் களிம்பு பிடித்த பிறகு காட்டும். ஸ்டாண்டு இருக்கும் இடமோ சேறு நேராக வந்து அடிக்கிற இடம்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்துவிட்டு, இடது குதிகாலால் ஸ்டாண்டை மேல் பக்கம் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். ஆள் உட்கார்ந்தபடியே, கிளட்ச் பிடித்து, இரண்டாவது கியர் போடுங்கள். காலை அழுத்தினால் ஓடி, விட்டால் நின்றால் வேறு சந்தேகமே வேண்டாம். கியரை முன் விரலால்தான் மாற்ற வேண்டியிருக்கும், கொஞ்சம் சர்க்கஸ்தான். கஷ்டமாக இருந்தால் இன்னொருவரை விட்டு ஸ்டாண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள், சக்கரத்துக்கு முன்னால் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

பழைய புல்லட்:
இந்த ஸ்விட்ச் எல்லாம் எதற்கு என்று நான் அப்போதே கேட்டேன். ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஓட்டத் தெரியாதவனுக்கு எதற்கு வண்டி?

ஸ்பேனர் செட்:
ஸ்டாண்டை எடுக்க மறந்து இடது பக்கம் திரும்பியவர்களைக் கேளுங்கள் ஐயா. வண்டி சாய்ந்ததும் ஸ்டாண்டு ரோட்டில் ஊன்றி ஆளைத் தூக்கி எறியும்.

மடிப்பாக்கத்தான்:
தம்பியை ஸ்டாண்டை அழுத்தச் சொன்னேன். அழுத்தியபோது ஓடியது. விட்டதும் நின்றது. மீண்டும் செய்தேன், அதேதான். இப்போது என்ன செய்ய?

மல்டிமீட்டர்:
அருமை. முதலில் ஸ்டாண்டு ஸ்பிரிங்கைப் பாருங்கள், தொய்ந்து போய் ஸ்டாண்டு கடைசி வரை மேலே ஏறாமலும் இருக்கலாம். அது சரியாக இருந்தால் ஸ்டாண்டு கீல் இருக்கும் இடத்தை பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்துச் சேறு போகத் தேயுங்கள். ஸ்விட்ச்சில் இருந்து மேலே போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு சாக்கெட் வரும், சாவியை ஆஃப் செய்துவிட்டு அதைப் பிரியுங்கள். உள்ளே பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள்.

சாக்கெட்டில் இரண்டு ஒயர் வந்தால் அது சாதாரண ஸ்விட்ச், மல்டிமீட்டர் கருவியை பீப் சத்தத்தில் வைத்து ஸ்டாண்டை ஏற்றி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று ஒயர் வந்தால் அனேகமாகக் காந்த சென்சார், பீப் சோதனை சொல்லாது.

செல்ஃப் மட்டும்:
ரெண்டு ஒயரையும் முறுக்கி விட்டால் வேலை முடிந்தது இல்லையா?

மல்டிமீட்டர்:
வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஒயர் சேர்ந்தால் "ஸ்டாண்டு மேலே", சிலவற்றில் பிரிந்தால் "மேலே". மூன்று ஒயர் வண்டியில் தெரியாமல் சேர்த்தால் ஃபியூஸ் போகும், சென்சாரும் போகலாம். வேலை செய்தாலும் அது வீடு வந்து சேர மட்டும். புது ஸ்விட்ச் பெரிய செலவு இல்லை, ஜி.பி. ரோட்டில் வண்டி மாடல் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், பழைய ஸ்விட்ச்சைக் கையில் கொண்டு போங்கள். இதை மட்டும் புதுப்பேட்டையில் பழையதாக வாங்காதீர்கள்.

எத்தனால் எதிரி:
சாக்கெட்டில் களிம்பு பிடிப்பதற்கும் ஈரம்தான் காரணம். நான் ஈரம் என்று முதலிலேயே சொன்னேன்.

ஓ.எம்.ஆர். ஓட்டி:
டேங்க்கில் என்று சொன்னீர்கள் சார்.

மடிப்பாக்கத்தான்:
சாக்கெட்டில் பச்சையாகத்தான் இருந்தது, துடைத்ததில் காலையில் பெருங்குடி வரை போய்விட்டேன், சாயங்காலம் மறுபடி நின்றது. தெருமுனை மெக்கானிக் ஏதோ ஒயரைச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார், இப்போது ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

பழைய புல்லட்:
கிளட்ச் வயரையும் இறுக்கினாரா என்று கேள்.

மல்டிமீட்டர்:
டேப் சுற்றியது சரி, இப்போது ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் நிற்கிறதா, ஓடுகிறதா? ஓடினால் ஸ்விட்ச் இல்லாத வண்டி என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள், வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை எடுத்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். அடுத்த மழைக்கு முன் புது ஸ்விட்ச் போட்டுவிடுங்கள். மாட்டும்போது சாக்கெட்டுக்குள் ஈரம் புகாமல் இருக்கக் கொஞ்சம் டை-எலக்ட்ரிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், ஒயர் செயினில் உரசாமல் கேபிள் டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

ஸ்பேனர் செட்:
அவர் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.