ஆடி அமாவாசையும் அம்மாவின் எட்டு மணி மாத்திரையும்

குழு: தென்காசி வீடு

செவ்வாய், இரவு 8.47

கணேசன் மாமா: நாளை மறுநாள் ஆடி அமாவாசை. மாப்பிள்ளைக்குப் படையல் வழக்கம்போல மதியம்தானே? நானும் உங்கள் அத்தையும் மதுரையில் விடியற்காலை பஸ் பிடித்து ஒன்பதரைக்குள் வந்துவிடுவோம்.

பாலு மாமா: அதற்குள் அக்காவைக் காரில் பாபநாசம் அழைத்துப் போய் வந்துவிடுகிறேன். ஆற்றில் ஒரு முழுக்கு. அப்படியே காரையாறு சொரிமுத்து அய்யனார்.

முத்து: அன்றைக்கா? கார் நிறுத்தவே இடம் கிடைக்காது மாமா.

மீனா சித்தி: அகத்திக்கீரைக்கு யார் சொல்லியிருக்கிறீர்கள்? வெண்கல உருளி யாரிடம் இருக்கிறது?

விஜி: பாலு மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வருடம் பாபநாசம் வேண்டாம். அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான கேப்சிட்டபின் கீமோ மாத்திரையில் மூன்றாவது சுற்று நடக்கிறது. 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்ற கணக்கில் வியாழக்கிழமை ஒன்பதாம் நாள். சுற்று தொடங்கும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே வெள்ளை அணு குறைவாகத்தான் இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் ஒருவர் இருமினால்கூட அம்மாவுக்குத் தொற்றிக்கொள்ளும். 100.4 டிகிரி காய்ச்சல் காட்டினால் வீட்டில் பாரசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். காரையாற்றில் நின்றுகொண்டு நான் யாரைக் கூப்பிடுவேன்?

பாலு மாமா: சரி.

பாலு மாமா: அக்காதான் ஆசைப்பட்டாள்.

கணேசன் மாமா: பாலு, எதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய். கிணற்று மோட்டார் விஷயத்திலும் இப்படித்தான்.

பாலு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விஜி: மாமா, மோட்டாரைப் பிறகு பேசலாம். எனக்கு வியாழன் காலை 7.10 பஸ். வங்கியில் தணிக்கை, விடுப்பு கிடையாது. எட்டு மணி மாத்திரையை அம்மாவுக்கு யார் கொடுப்பது? அதற்குத்தான் ஆள் வேண்டும்.

கிருத்திகா: நாங்கள் நாளை இரவே கோயம்புத்தூரிலிருந்து வந்துவிடுகிறோம் மதினி. நான் கொடுக்கிறேன்.

விஜி: நீ மட்டும் அதைத் தொடக் கூடாது.

சாந்தி அத்தை: ஒரு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? நான் ஏழாம் மாதம் வரை நெல் அவித்தேன்.

விஜி: அத்தை, அவள் வேலைக்கு அஞ்சுகிறாள் என்று நினைக்காதீர்கள், நான்தான் தடுக்கிறேன். வளரும் அணுக்களை அடிக்கிற மருந்து இது. வயிற்றில் இருக்கும் ஐந்து மாதப் பிள்ளை முழுக்க வளரும் அணுக்கள்தானே? கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொட வேண்டாம் என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னார். மாத்திரை மட்டுமல்ல, அம்மாவின் வாந்தி பட்ட துணி, கழிவறை சுத்தம் செய்வது எதுவும் கிருத்திகா பக்கம் போகக் கூடாது. மாத்திரை எடுக்கும் நாட்களிலும், முடிந்த பிறகு இரண்டு நாட்களும் அம்மா பின்கட்டுக் கழிவறையை மட்டும் பயன்படுத்துவாள். ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் தண்ணீர் விட வேண்டும்.

கிருத்திகா: சரி மதினி. சாப்பாடு பரிமாறலாம் அல்லவா? என் மாமியார் பக்கத்தில் உட்காரலாமா?

விஜி: தாராளமாக. கட்டிப்பிடித்துக்கூட உட்கார். அதில் ஒன்றும் இல்லை.

மீனா சித்தி: இவ்வளவு யோசிக்கிறீர்கள், எப்படியும் வியாழன் காலை அக்கா மாத்திரை போட மாட்டாள். விரதம். போன அமாவாசையைப் போல இரவில் சேர்த்துப் போட்டுக்கொள்வாள்.

முத்து: சேர்த்து என்றால்?

விஜி: சித்தி, என்ன சொல்கிறீர்கள்?

மீனா சித்தி: காலை மூன்று, இரவு மூன்று அல்லவா? அன்று இரவு ஆறாகப் போட்டேன் என்று என்னிடம் சொன்னாள். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன் விஜி.

கணேசன் மாமா: கடவுளே.

இரவு 9.31

விஜி: இத்தனை நாளும் பக்கத்து அறையில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எல்லோரும் படியுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் விட்டதுதான். அடுத்த வேளைக்கு உரியதை மட்டும் போட வேண்டும், சேர்க்கவே கூடாது. போட்டபின் வாந்தி எடுத்தாலும் மறுபடி கொடுக்கக் கூடாது. கேப்சிட்டபின் உடம்புக்குள் போய் 5-எஃப்.யூ. என்ற மருந்தாக மாறுகிறது. பல பத்தாண்டுகளாக டாக்டர்கள் பயன்படுத்தும், ரத்தக் குழாயில் ஏற்றும் அதே கீமோ. பாட்டில் தொங்கவில்லை, ஊசி குத்தவில்லை என்பதால் நமக்குத் தலைவலி மாத்திரைபோலத் தெரிகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஆறு என்றால் ஒரே மூச்சில் 3,000 மில்லிகிராம். அந்த வாரம்தான் அம்மா ஒரு நாளைக்கு ஆறு முறை ஏழு முறை பின்கட்டுக்கு ஓடினாள். காரணம் இதுதானா என்று டாக்டர் சொல்லட்டும். காலையில் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

முத்து: அம்மா இந்தக் குழுவில்தான் இருக்கிறாள் அக்கா.

விஜி: தெரியும். படிக்கட்டும்.

கணேசன் மாமா: நோயாளிக்கு விரதம் விலக்கு. எந்தச் சாமியும் கேட்காது.

மீனா சித்தி: அதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள் அண்ணா. ஆறு வருடமாகக் காகம் எடுக்காமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

பாலு மாமா: மாத்திரையை மட்டும் எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தால்?

விஜி: கூடாது மாமா. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் தண்ணீருடன் போட வேண்டிய மாத்திரை. வெறும் வயிற்றில் இல்லை.

முத்து: அப்படியானால் படையலை முன்னால் வைப்போம். நான்தானே வைக்கப் போகிறேன். காலை ஆறரை?

கணேசன் மாமா: வியாழக்கிழமை 6 முதல் 7.30 வரை எமகண்டம்.

முத்து: 7.35?

கணேசன் மாமா: அப்போது நான் ராஜபாளையம் பக்கம் பஸ்ஸில் இருப்பேன். நான் வராமலே படைத்துவிடுவீர்கள். திவசத்தன்றும் நான் வருவதற்குள் பந்தி முடிந்திருந்தது.

பாலு மாமா: அன்று நீங்கள் வந்தது இரண்டரைக்கு அண்ணா.

மீனா சித்தி: மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள்.

பாலு மாமா: நாளை இரவே வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

சாந்தி அத்தை: பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதினியோடு ரேஷன் கடைக்குப் போனேன். நான்கு முறை கட்டைவிரல் வைத்தும் கருவி எடுக்கவில்லை. முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள்.

விஜி: அதையும் சொல்லவில்லையா? நேற்று இரவு அம்மாவின் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மருதாணி இட்டுக் கழுவியதுபோல உள்ளங்கை முழுவதும் சிவப்பு. கட்டைவிரலில் கோடே இல்லை அத்தை. வெங்காயத்தின் உள்தோல்போலப் பளபளவென்று இருக்கிறது. குதிகாலிலும் உரிகிறது.

முத்து: இந்த மாத்திரையால் ரேகை அழிவது உண்டு. சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன 62 வயதுக்காரர் ஒருவரை விரல்ரேகை இல்லை என்று விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவரும் இதே மருந்துதான் சாப்பிட்டுவந்தார். 2009-ல் மருத்துவ இதழிலேயே வந்தது.

மீனா சித்தி: ஐயோ, திரும்ப வராதா?

விஜி: டாக்டரிடம் கேட்கிறேன் சித்தி. இப்போதைக்குக் கையும் காலும் சூடு படக் கூடாது, உராயக் கூடாது. வெந்நீரில் பாத்திரம் தேய்ப்பது, அம்மி, வெறுங்காலில் மொட்டை மாடி எதுவும் வேண்டாம். யூரியா கலந்த களிம்பு தடவுகிறோம். கொப்புளமோ வலியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். சில நாள் நிறுத்தி அளவைக் குறைப்பார்கள். ஆகவே வியாழன் அன்று அம்மா அடுப்படியில் நிற்கக் கூடாது. காகத்துக்குச் சோறு வைக்க மாடிக்கு முத்து போகட்டும்.

பாலு மாமா: பகிரப்பட்ட செய்தி: ரத்த அணு ஏற பப்பாளி இலைச் சாறு…

முத்து: மாமா!

பாலு மாமா: படித்துப் பார்க்கத்தான் போட்டேன்.

மீனா சித்தி: நான் வாங்கிக் கொடுத்த சத்து மாத்திரை நடக்கிறதா? ரத்தம் ஊறும் என்று கடைக்காரர் சொன்னார்.

விஜி: நிறுத்தி வைத்திருக்கிறேன் சித்தி. அட்டையின் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று இருந்தது.

கிருத்திகா: எனக்குத் தினமும் அதைத்தானே போடச் சொல்கிறார்கள்?

விஜி: உனக்கு அது கட்டாயம். அம்மாவுக்கு அதே ஃபோலிக் அமிலம் கீமோவின் பக்கவிளைவைக் கூட்டிவிடும். உன் மாத்திரைகளை உன் பையிலேயே வைத்துக்கொள், சாப்பாட்டு மேசையில் வைக்காதே. சித்தி, நீங்கள் அன்போடு வாங்கியது எனக்குத் தெரியும். சாறு, கஷாயம், சத்து மாத்திரை எதுவானாலும் அம்மாவிடம் கொடுக்கும் முன் என்னிடம் கேளுங்கள், நான் டாக்டரிடம் கேட்கிறேன்.

மீனா சித்தி: கேட்காமல் கொடுத்தது தப்புதான்.

இரவு 10.08

சாந்தி அத்தை: வியாழன் நான்கரைக்கு நான் வந்து அடுப்பு மூட்டுகிறேன். ஏழேகாலுக்குள் எல்லாம் இறக்கிவிடலாம். மாத்திரையும் நானே கொடுக்கிறேன் விஜி. எப்படி என்று மட்டும் சொல். கிருத்திகா தூங்கட்டும்.

விஜி: அத்தை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பீரோ மேல்தட்டில் நீல மூடி டப்பா. ரத்த அழுத்த மாத்திரையோடு கலந்துவிடக் கூடாது என்று தனியாக வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே கையுறை. அட்டையிலிருந்து மூன்றை நேராக எவர்சில்வர் கிண்ணத்தில் தள்ளுங்கள், உள்ளங்கையில் வேண்டாம். அந்தக் கிண்ணம் இதற்கு மட்டும்தான். பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது என்று அம்மா பாக்கு வெட்டியைத் தேடுவாள். வெட்டவோ நுணுக்கவோ விடாதீர்கள், தூள் பறக்கும். ஒவ்வொன்றாக முழுசாக விழுங்கட்டும், அவசரமில்லை. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு நீங்களும் கை கழுவுங்கள், அம்மாவும் கழுவட்டும். நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அன்று வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிறு போனாலோ, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ இரவு மாத்திரையைக் கொடுக்காமல் முதலில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேண்டும். அந்த எண் டப்பா மூடியிலேயே ஒட்டியிருக்கிறது.

சாந்தி அத்தை: சரி. நீல மூடி. மூன்று. வெட்டக் கூடாது.

பாலு மாமா: நானும் கூட இருக்கிறேன்.

அம்மா: எல்லாம் படித்தேன்

அம்மா: காகம் வரவில்லை என்றால்

விஜி: 7.35-க்கு வைப்போம் அம்மா. எட்டேகால் வரை பார்ப்போம். பன்னிரண்டு மணி நேரம் ஏறக்குறைய இருந்தால் போதும், கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்று நர்ஸ் சொன்னாரே. எட்டேகாலுக்கு மேல் மட்டும் காக்கக் கூடாது.

அம்மா: அவருக்கு வைத்தது எடுக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவது

முத்து: அம்மா, நீ டைபாய்டில் கிடந்தபோது அப்பா என்ன செய்தார் என்று நினைத்துப் பார். மருந்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே நிற்பார். நீ குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினால்தான் தன் இலைக்குப் போவார்.

மீனா சித்தி: ஆமாம். நானே பார்த்திருக்கிறேன். ரசம் ஆறிப்போகும்.

அம்மா: பார்க்கலாம்

விஜி: பார்க்கலாம் என்று சொல்லாதே அம்மா.

அம்மா: காலையில் இட்லி என்றால் மாவு போதாது. சாந்தியிடம் உளுந்து ஊறவைக்கச் சொல்

சாந்தி அத்தை: நாளை காலை ஊறவைக்கிறேன் மதினி.

கணேசன் மாமா: நாளை மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பாலு, ராத்திரி பத்தரை ஆகிவிடும். விழித்திருப்பாயா?

பாலு மாமா: பஸ் நிலையத்துக்கே வந்து நிற்கிறேன் அண்ணா.

மீனா சித்தி: அகத்திக்கீரைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உருளியும் தெரியவில்லை.

சாந்தி அத்தை: உருளியைப் புளி போட்டுத் தேய்த்து நானே கொண்டுவந்துவிடுகிறேன்.

மீனா சித்தி: அப்படியானால் உங்களிடம்தான் இருந்ததா மதினி?