மல்லி மொட்டுக்குள் துள்ளும் புழு: யாருக்காவது தெரியுமா?

பெங்களூரு அல்சூரில் மொட்டை மாடித் தோட்டம். ஆறு தொட்டி குண்டுமல்லி. மூன்று வாரமாக மொட்டுகள் அடிப்பக்கம் உப்பி, ஊதா நிறமாகி, விரியாமலேயே காய்ந்து உதிர்கின்றன. முதலில் மொட்டுப்புழு என்றுதான் நினைத்தேன். ஆனால் அது துளை போடும், நூலாம்படை விடும். இங்கே இரண்டும் இல்லை.

நேற்று ஒரு மொட்டைப் பிளந்தேன். உள்ளே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளைப் புழுக்கள் ஏழெட்டு. சற்றுப் பெரியவை இளஞ்சிவப்பு. தட்டில் கொட்டியதும் ஒன்று வில்லாக வளைந்து துள்ளியது! அம்மா அலறிவிட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லில் ஆனைக்கொம்பன் (நெற்பயிரைத் தாக்கும் சிறு ஈ) பார்த்து வளர்ந்தவன் நான். அதே குடும்பத்து ஈ, கான்டரினியா மாகுலிபென்னிஸ் என்று சந்தேகம். லென்ஸில் பார்த்தால் வளர்ந்த புழுவின் நெஞ்சுக்கு அடியில் கருத்த கோடு ஒன்று தெரிகிறது. அது இந்தக் குடும்பத்துக்கே உரிய அடையாளம்தானே? படங்கள் கீழே.

இனத்தை உறுதி செய்ய ஈயே வேண்டும் என்கிறார்கள். மண்ணில் கூட்டுப்புழுவாகும் என்பதால் ஈர மணல் போட்ட டப்பாவில் மொட்டுகளை வைத்து, மேலே மெல்லிய துணி கட்டியிருக்கிறேன். ஈ வந்தால் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் போதுமா? ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தில் மாதிரி கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

மருந்து இப்போதைக்கு வேண்டாம், சரியா? உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழித்துக்கொண்டிருக்கிறேன்.