ஈபே இணையச் சந்தையில் விற்ற சாரத்தை (லுங்கியை) வாங்கியவர் திருப்பி அனுப்பக் கேட்கிறார்

இலங்கை மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்கிறேன். லண்டனில் ஒருவர் நிறம் படத்தில் உள்ளது போல இல்லை, பணத்தைத் திருப்பித் தா என்கிறார். திரும்பி வரும் தபால் செலவு சாரத்தின் விலையை விடக் கூட. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, 3 வேலை நாளுக்குள் பதில் போடுங்கள், விட்டால் அவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம், அப்புறம் முடிவு உங்கள் கையில் இல்லை. விவரித்தபடி பொருள் இல்லை என்று கேட்டிருந்தால் திருப்பும் செலவும் விற்றவர் தலையில்தான். பாதிப் பணம் தருகிறேன், சாரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் பேச வேண்டாம், எல்லாம் ஈபே செய்தியிலேயே இருக்கட்டும்.

பதில்: மேலே நானா (அண்ணன்) சொன்னது சரி. இனிமேல் படத்தைக் காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்து எடுங்கள், டியூப்லைட்டுக்குக் கீழே மெரூன் வேறு நிறமாக விழும்.

பதில்: நன்றி நானா, பாதிப் பணம் என்று இப்போதே எழுதுகிறேன்.