டிஸ்டர்பன்ஸ் (சூழலியல்): இடையூறா, குலைவா, குலைப்பா?

வணக்கம்.

அயல் களைகள் பரவுவதைப் பற்றிய கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. 'டிஸ்டர்பன்ஸ்' என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'இடையூறு' என்று போட்டால், 'மனித இடையூறு மிகுந்த நிலத்தில் அயல் செடிகள் எளிதில் பரவும்' என்று அமைகிறது. யாருக்கு இடையூறு என்று படிப்பவர் கேட்பார். 'தொந்தரவு' இன்னும் மோசம். பொருந்தும் சொல் இருந்தால் சொல்லுங்கள்.

*

> யாருக்கு இடையூறு என்று படிப்பவர் கேட்பார்.

கேட்கத்தான் வேண்டும் ஐயா. முதலில் பொருளைப் பிடிப்போம். சூழலியலாளர் கிரைம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்தார். இருக்கும் தாவரத் திரளை ஓரளவோ முழுமையாகவோ அழிப்பது டிஸ்டர்பன்ஸ்: தீ, வெள்ளம், மேய்ச்சல், புல்வெட்டு, புல்டோசர். வளர்ச்சியை மட்டுப்படுத்துவது ஸ்ட்ரெஸ்: நிழல், வறட்சி, சத்தில்லாத மண். 'இடையூறு' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். வறட்சியும் செடிக்கு இடையூறுதானே.

என் பரிந்துரை 'குலைவு'. தானாக நேர்வது குலைவு, ஒருவர் செய்வது குலைப்பு. ஆங்கிலத்தில் 'ஹியூமன்' என்று அடைமொழி சேர்க்கும் இடத்தில் நமக்கு ஒரு 'ப்' போதும்.

இந்தச் சொல் என்னென்னவற்றைத் தாங்க வேண்டும் என்பதற்குச் சாலை ஓரம் நல்ல எடுத்துக்காட்டு. சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியின் அலகு ஓரத்தைச் சுரண்டிச் செல்கிறது. பல்லாண்டுப் புற்கள் வேரோடு போகின்றன. அவை உறிஞ்சிக்கொண்டிருந்த நீரும் நைட்ரேட்டும் மண்ணில் மிஞ்சுகின்றன. கிளறிய மண்ணில் மக்கு (மட்கிய இலைதழை) வேகமாகச் சிதைவதால் நைட்ரஜன் இன்னும் கூடுகிறது. எடுத்துக்கொள்ள ஆளில்லாத வளம் திடீரென மிஞ்சும் இந்த இடைவெளியில்தான் புதுச்செடி நுழைகிறது என்று டேவிஸ், கிரைம், தாம்சன் மூவரும் 2000-இல் விளக்கினார்கள். நிழல் போனதும் தரையில் விழும் ஒளியின் தன்மையும் மாறுகிறது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு, அதைத் தாண்டிய தொலைசிவப்பைக் கீழே விடும். பல சிறுவிதைகள் அதை வைத்தே 'மேலே செடி இருக்கிறது' என்று உணர்ந்து உறங்கிக்கிடக்கும். புரட்டும்போது ஒரு கணம் வெயில் பட்டாலே விழித்துக்கொள்ளும் விதைகளும் உண்டு. வெறும் தரையில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக ஏறி இறங்குவதும் முளைப்பைத் தூண்டும்.

இவையெல்லாம் இடத்தைத் திறந்துவிடும் வேலை. அதே கிரேடர் விதையையும் ஏற்றிச் செல்கிறது. பார்த்தீனியம் ஒரு செடி 10,000-க்கும் மேல் விதை தரும். முளைத்து ஒரு மாதம் சுமாருக்கே பூக்கத் தொடங்கலாம். அது காய்த்த பிறகு ஓரப்புல் வெட்டினால், வெட்டும் பொறிதான் விதைப்புக் கருவி. ஜப்பானிய நாட்வீட் செடிக்கு விதையே வேண்டாம். ஒரு கிராமுக்கும் குறைவான தரைக்கீழ்த் தண்டுத் துண்டு தோண்டிய மண்ணோடு போனால் போதும்.

*

'குலைவு' ஒலிக்கும்போதே கெடுதல் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது, அம்மா. நிலைகுலைவு, சீர்குலைவு எல்லாம் அந்த வரிசைதான். தீயோடு சேர்ந்தே உருவான புல்வெளிகள் உலகெங்கும் உண்டு. அங்கே தீயை நிறுத்தினால் மரமும் புதரும் ஏறிவிடும். அமெரிக்கத் தென்மேற்கில் அணைகள் வந்து ஆறுகளின் வெள்ள ஒழுங்கு மாறியது டாமரிஸ்க் என்ற அயல் புதருக்குத் தோதாகிவிட்டது. அதே நாட்டின் மேற்கில் சீட்கிராஸ் என்ற அயல் புல் நேர்மாறு. சீக்கிரமே காய்ந்து எரிபொருளாகிறது, முன்பு பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வந்த தீயைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரவழைக்கிறது, எரிந்த இடத்தில் மறுபடி தானே முந்தி முளைக்கிறது.

ஆகவே தீயோ வெள்ளமோ வரும் பழகிய வேகமும் இடைவெளியும் பருவமும் மாறும்போதுதான் சிக்கல். இம்மூன்றும் சேர்ந்த ஒழுங்கைக் குறிக்கும் 'டிஸ்டர்பன்ஸ் ரெஜீம்' என்பதற்கும் இப்போதே சொல் வேண்டும். 'கிளறல்' எப்படி? உழவர் வாயில் உள்ள சொல், பழிச்சாயலும் இல்லை.

*

'கிளறல்' மண்ணோடு நின்றுவிடும். மேய்ச்சலும் தீயும் கிளறுவதில்லை. குலைவின் சாயல் பற்றிய குறை நியாயம்தான். ஆனால் மூலச்சொல்லுக்கும் அதே சாயல் உண்டு, வரையறைதான் அதை நடுநிலையாக்கியது. ரெஜீமுக்குக் 'குலைவுப் பாங்கு' என்று வைப்போம். வெள்ளம் நின்றுபோனதைக் 'குலைவுப் பாங்கின் மாற்றம்' என்று சொன்னால் முரண் இல்லை. மனிதர் செய்வதற்கு 'நிலக்குலைப்பு'. ஏரி, ஆறு என்றால் வெறும் 'குலைப்பு'.

களையை அழிக்கும் வேலையும் நிலக்குலைப்பே என்பதை வரையறையிலேயே சேர்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். பொக்லைனால் வேரோடு பிடுங்கினால் துளிர் நிற்கும். ஆனால் புரண்ட வெறுமண்ணில், ஆடுமாடு தின்று சாணத்தோடு போட்ட விதைகளெல்லாம் அடுத்த மழைக்கு முளைக்கும். நாற்றுகளைப் பிடுங்க ஆள் ஏற்பாடு செய்யாமல் மரத்தை எடுப்பது பாதி வேலைகூட இல்லை.

'புரோபகியூல் பிரஷர்' என்பதும் கையேட்டில் வரும்: ஓரிடத்துக்கு வந்து சேரும் விதை, தண்டு, கிழங்குகளின் அளவு. நீர்வரத்து போல 'விதைவரத்து' என்று வைக்கலாம். தண்டும் கிழங்கும் விதையாகுமா என்று யாராவது கேட்டால், விதைக்கரணை, விதைக்கிழங்கு, விதைமஞ்சள் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். குலைப்பு கடுமையாக இருந்தும் விதைவரத்து இல்லாவிட்டால் அயல் களை வராது. ஓயாமல் விதை வந்து விழுந்தால் சிறு குலைப்பே போதும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடிவதுதான் இந்தச் சொற்களின் பயன்.

சொற்களைக் களப்பணிக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

"நிலக்குலைப்புக்கு முன் இடத்தை நடந்து பார்த்து, களை உள்ள பகுதிகளைக் குச்சி நட்டுக் குறிக்கவும். களையில்லாத முனையில் தொடங்கி, களை மண்டிய முனையில் முடிக்கவும். வண்டி இடம் மாறும் முன் பொக்லைன் வாளி, செயின் இடுக்கு, டயர் பள்ளம் ஆகியவற்றில் ஒட்டிய மண்ணை முதலில் சுரண்டிவிட்டுப் பிறகு கழுவவும். கழுவிய நீர் ஓடையில் இறங்கக் கூடாது. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, எடுத்த இடத்திலேயே திரும்பப் பரப்பவும். குவியலில் முளைக்கும் களையைப் பூக்கும் முன் பிடுங்கவும். வெறுமண்ணை ஒரு மழைக்காலம்கூடச் சும்மா விடாமல், அந்தந்த இடத்துக்குரிய புல்லை விதைக்கவும். உரம் வேண்டாம், மிஞ்சும் நைட்ரஜன் வேகமாக வளரும் களைக்கே போய்ச் சேரும். மூடாக்கு வைக்கோல் களைவிதை கலக்காததா என்று பார்க்கவும்; இல்லையேல் அதுவே விதைவரத்து."

தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. 'குலைவுப் பாங்கு' மட்டும் இதில் வரவில்லை. தீ மேலாண்மைப் பகுதியில் யாராவது போட்டுச் சோதித்துச் சொல்லுங்கள். அயல் செடி பரவி மண்டுவதைக் குறிக்கும் 'இன்வேசிவ்' என்பதற்கு ஆக்கிரமிப்பா, ஊடுருவலா என்பதைத் தனி இழையில் பேசுவோம். இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.