எக்கோபூஸ்ட் டிரக்கில் ஆறு பிளக், ஒரு சனிக்கிழமை

டெக்சஸில் கேட்டி பக்கம் இருக்கிறோம். வண்டி 2013 ஃபோர்டு எஃப்-150. 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். இப்போது 78,000 மைல். டயர், பிரேக், ஆயில் எல்லாம் விசாரித்து வாங்கியவன், பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்றியது என்று மட்டும் கேட்கவில்லை.

போன ஜூனில் கேம்பர் டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு கார்னர் ஸ்டேட் பார்க் கிளம்பினோம். சான் அன்டோனியோ, யுவால்டி வரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து 83-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பி மேடு ஏற ஆரம்பித்ததும் வண்டி இருமியது. பெரிய கியரில், ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது மிதித்தால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஒரு வெட்டு. காலை எடுத்தால் சரியாகிவிடும். மூன்றாவது மேட்டில் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

அந்த விளக்கு சும்மா எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். மின்னினால் அப்படி விடக்கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கிவிடும். அதன் விலையோடு பார்த்தால் பிளக் விலை டீக்காசு. ஓரங்கட்டி, கையிலிருந்த ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். பி0304. நாலாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. கியரைக் கீழே இறக்கி, மெதுவாக மிதித்து, மேட்டில் லாரிக்காரர்களுக்கெல்லாம் வழி விட்டு ஒருவழியாக பார்க் போய்ச் சேர்ந்தோம். ஃப்ரியோ ஆற்றில் பிள்ளைகள் மிதக்க, நான் கரையில் உட்கார்ந்து போனில் பிளக் படித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பி ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டிச் சொன்னார்கள். காயில் எதற்கு என்று கேட்டால் "எதற்கும் மாற்றிவிடலாம்" என்றார்கள். அந்த "எதற்கும்" பிடிக்காமல்தான் நானே இறங்கினேன்.

முதலில் காயிலா பிளக்கா என்று தெரிய வேண்டும். இதற்குக் காசு செலவே இல்லை. இந்த இன்ஜினில் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3; டிரைவர் பக்கம் 4, 5, 6. நாலாவது காயிலையும் முதல் காயிலையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு காயிலோடு போயிருந்தால் அடுத்த தடவை பி0301 வந்திருக்க வேண்டும். வந்தது மறுபடியும் பி0304. ஆக, காயில் நிரபராதி.

பிளக்கைக் கழற்றிய பிறகுதான் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த இன்ஜினுக்கு முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய கேப் ஏறக்குறைய 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர். என் பழைய பிளக்குகளில் 0.044 வரை போயிருந்தது. ஒவ்வொரு பொறிக்கும் உலோகம் துளித்துளியாகத் தேய்ந்து கேப் அகன்றுகொண்டே வரும். டர்போ இல்லாத இன்ஜினில் இது பல வருஷம் வெளியே தெரியாது. டர்போவில் கதை வேறு. காற்று எவ்வளவு நெருக்கமாக அமுங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு அதைத் தாண்டப் பொறி சிரமப்படும். இங்கே டர்போ ஏற்கெனவே திணித்து அனுப்பும் காற்றைப் பிஸ்டன் மறுபடி பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. போதாததற்குக் கேப்பும் அகலமானால் காயில் என்ன முக்கினாலும் பொறி தாண்டாது. சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி கேம்பரோடு மேடு ஏறும்போது மட்டும் இருமியது இதனால்தான். கம்பெனிப் புத்தகத்தில் 100,000 மைல் என்று போட்டிருக்கிறது. பாரம் இழுக்கிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இனி வேலை. இரவு முழுக்க வண்டியை ஆறவிட்டேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். காலை ஆறு மணிக்கே கராஜில் வியர்த்துக் கொட்டுகிறது, ஹூஸ்டன் வெயில் அப்படி. மேல்மூடியை எடுத்தால் காயில் வரிசை தெரியும். ஒவ்வொன்றின் கனெக்டரிலும் ஒரு சிவப்புப் பூட்டு. அதைப் பின்னுக்கு நகர்த்திவிட்டு அழுத்தினால் கழன்று வரும். அப்புறம் 8 மிமீ போல்ட் ஒன்று. காயிலை நேராக இழுக்காமல் இடமும் வலமும் கொஞ்சம் திருகிவிட்டு இழுங்கள், பிளக்கை மூடியிருக்கும் காயிலின் ரப்பர் கிழியாது. பிளக்கைத் தொடுமுன் குழிக்குள் கம்ப்ரஸரால் காற்றடிப்பது கட்டாயம். எங்கள் தெரு முழுக்க ஓக் மரம். குழிக்குள் அதன் பூந்தூளும் மண்ணும் ஒரு சிட்டிகை இருந்தது. அது அப்படியே சிலிண்டருக்குள் போயிருக்கும்.

முன்பக்கத்து நாலும் அரை மணி நேரத்தில் முடிந்தன. பின்னால், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே தடுப்பாக இருக்கும் ஃபயர்வாலை ஒட்டிய இரண்டும்தான் உயிரை எடுத்தன. டிரக் உயரம், ஸ்டூல் போட்டு ரேடியேட்டர் மேல் மெத்தை விரித்து அதில் குப்புறப் படுத்துத்தான் கை எட்டியது. ஆறாவதைக் கழற்றித் தூக்கினால் சாக்கெட்டை நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி மட்டும் வெறுங்கையோடு வந்தது. சாக்கெட்டும் பிளக்கும் குழிக்குள்ளேயே. சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர் பிளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, எக்ஸ்டென்ஷனைப் பிடிக்க ஆளில்லை. முக்கால் மணி நேரம் தூண்டில் போட்ட மாதிரி காந்தக் கம்பியை விட்டு விட்டு எடுத்தேன். சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் இணைக்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

நடுவில் மதுரையிலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தார். "புதுசு எதுக்குப்பா? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டு" என்றார். அவர் டிவிஎஸ் 50 ஓட்டிய காலத்தில் மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிக் கரியைத் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி மாட்டுவார். அந்த பிளக்குக்கு அது சரி. இதன் முனையில் இருப்பது மெல்லிய பிளாட்டினம், இரிடியம். தேய்த்தால் கரி போகுமோ என்னவோ, அது போய்விடும். "அப்போ பிளக்கில் தங்கம் வைக்கிறான்னு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

புது பிளக் பெட்டியிலிருந்து சரியான கேப்பில் வரும் என்று நம்பாதீர்கள். என் ஆறில் ஒன்று 0.034 இருந்தது. கம்பி வடிவ கேஜ் வைத்து அளந்து, வளைய வேண்டிய பக்கவாட்டு முனையை மட்டும் லேசாக வளைத்தேன். நாணயம் மாதிரி வரும் கேஜை நடுவில் நெம்பினால் நடுமுனை போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டு கொடுத்தார். பிளக் தலையில் அதை மாட்டி விரலால் சுழற்றி இறக்கினேன். முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் மரை ஒரு இடத்தில் "டிக்" என்று உட்காரும், அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், நமக்கே தெரிந்துவிடும். கடைசி இறுக்கம் 11 அடி-பவுண்டு, ஏறக்குறைய 15 நியூட்டன் மீட்டர். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது. அதன் அளவே 20-க்கு மேல்தான் தொடங்கும். "கிளிக்" வரும் வரும் என்று இறுக்கிக்கொண்டே போய் மரையை உடைத்துவிடுவோம். சின்னது ஒன்று வாங்கினேன்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தால் வண்டி முன்னைவிட மோசமாக ஆடியது. அடிவயிறு கலங்கிவிட்டது. ஸ்கேனர் பி0306 என்றது. போய்ப் பார்த்தால் ஆறாவது கனெக்டரைச் செருகியிருக்கிறேன், சிவப்புப் பூட்டைத் தள்ளவில்லை. தள்ளினேன், அடங்கியது. மொத்தம் ஐந்து மணி நேரம். தெரிந்தவர் ஒன்றரை மணியில் முடிப்பார். உங்களுடையதையும் சொல்லுங்கள்.

* * *

ஸ்கார்பரோவிலிருந்து:

அண்ணை, எனக்கும் இதே இன்ஜின்தான். நான் செய்த பிழை, ஜனவரியில் கராஜுக்கு ஹீட்டர் போடாமல் தொடங்கினது. மைனஸ் 15. கனெக்டரின் பிளாஸ்டிக் அந்தக் குளிருக்கு அப்பளம் மாதிரி. தொட்டதும் இரண்டு பூட்டு முறிந்துவிட்டது. வசந்தம் வரும்வரை கேபிள் டை கட்டித்தான் ஓடினேன். இங்கே வீதிக்கு உப்புப் போடுகிறவர்கள், அதனால் காயில் போல்ட்டும் துருப்பிடித்திருந்தது; முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டால் நல்லது. ஒரு கேள்வி: புது பிளக் மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அன்டி-சீஸ் பசை பூசினீர்களா?

டாலஸிலிருந்து:

எங்கள் வீட்டில் இந்த வேலை என்னுடையது. அவர் டார்ச் பிடிப்பார், அதையும் தப்பான பக்கம் பிடிப்பார். நான் ஏமாந்தது பிளக்கில். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கினேன். இரண்டாவது வாரமே மிஸ்ஃபயர். கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் மேல் மின்னல் கீறினமாதிரி ஒரு கறுப்புக் கோடு. பொறி முனைக்குப் போகாமல் வெளிப்புறமாக இறங்கி ஹெட்டுக்கு ஓடியிருக்கிறது. கடையில் வாங்கிய அசலைப் பக்கத்தில் வைத்ததும்தான் எழுத்து மங்கலாக அச்சாகியிருப்பது தெரிந்தது. அந்தக் கோடு விழுந்தால் காயிலின் ரப்பரையும் மாற்றிவிடுங்கள் அண்ணா, உள்ளேயும் தடம் பதிந்திருக்கும். பழைய ரப்பரோடு புது பிளக் போட்டு நான் இன்னொரு சனிக்கிழமையையும் இழந்தேன்.

கால்கரியிலிருந்து:

உங்களுக்கு சாக்கெட்தான் விழுந்தது. என் பழைய எட்டு சிலிண்டர் பிக்கப்பில் பிளக்கே இரண்டாக முறிந்து கீழ்ப்பாதி ஹெட்டுக்குள் நின்றுவிட்டது. எட்டில் மூன்று. அதை இழுக்கவே தனியாக ஒரு கருவி விற்கிறார்கள், வாடகைக்கும் கிடைத்தது. டர்போ வண்டிக்கு மாறியபின் முதல் பிளக்கைக் கழற்றும்போது கை நடுங்கியது. முழுசாக வெளியே வந்ததும் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்தேன்.

கரூரிலிருந்து:

படிக்கப் படிக்கப் பாவமாக இருக்கிறது. என் பொலேரோ பிக்கப் டீசல். பிளக்கும் கிடையாது, காயிலும் கிடையாது. ஃபில்டரில் தண்ணீர் வடித்தோமா, போனோமா.

* * *

ஸ்கார்பரோ தம்பிக்கு: பூசவில்லை. இந்த பிளக்குகளின் மரைக்கு முலாம் பூசித்தான் அனுப்புகிறார்கள், வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மேலே அதையும் பூசினால் மரை வழுக்கும். ரெஞ்ச் 11 காட்டும்போது உண்மையில் அதைவிட அதிகம் இறுகியிருக்கும். காயில் ரப்பரின் வாய்க்குள் மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு மெல்லிய வளையம் தடவினேன். அடுத்த தடவை ஒட்டிக்கொள்ளாமல் வரும்.

டாலஸ் சகோதரி, நீங்கள் சொன்னபிறகு போய் என் பழைய ஆறையும் விளக்கடியில் பார்த்தேன். நாலாவதில் அந்தக் கறுப்புக் கோடு இருக்கிறது, முடி அளவுக்கு. காயிலை மட்டும்தான் நிரபராதி என்று விட்டேன், அதன் ரப்பரைப் பார்க்கவில்லை. ஆறு ரப்பருக்கும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மறுபடி ஸ்டூல் போட வேண்டும்.

கரூர் அண்ணா, அப்பாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். "அவர் கெட்டிக்காரர்" என்றார்.